கார்டுப் பால்

மௌலீஸ்வரன் இரண்டு வருடமாக எங்கள் பாலை ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தாலும், அவர் ஈரலில் இருந்த இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் சேர்ந்திருக்க முடியும். அவரோ ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்கிறார். குடிக்காத பாலிலிருந்து வந்திருக்க முடியாத இரும்பு ஒரு மனிதனுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று விசாரிக்கத்தான் என்னைச் சென்னையிலிருந்து திருப்பூருக்கு அனுப்பினார்கள்.

என் பெயர் சிகாமணி. பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு, ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பாலில் இரும்பைக் கலப்பது எப்படி என்று ஆராய்ந்து வாங்கிய பட்டம். இதை விளக்கிச் சொன்னால் எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, முழங்கால் வலிக்கு என்ன போடலாம்?" என்பார்கள்.

செறிபால் திட்டம் எங்களுடைய குழந்தை. ரத்தத்தில் இரும்பு குறைந்த பெண்களுக்கு ஆளுக்கொரு கார்டு. கார்டைக் காட்டினால் தினமும் கால் லிட்டர் பாக்கெட் ஒன்று. அதனால் ஜனங்கள் அதைக் கார்டுப் பால் என்றார்கள். விரல் நகத்தை ஒரு சின்னக் கருவியில் வைத்தால் இரும்பு எண் வரும். பத்துக்குக் கீழே என்றால் கார்டு கிடைக்கும். பதினாலு நல்ல எண். இருபதைத் தாண்டினால் ஆபத்து. மௌலீஸ்வரனுக்கு முப்பத்தொன்பது.

அவர் மனைவி தாரணி கார்டு வைத்திருப்பவர். துறையைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது: மனைவியின் பாலைப் புருஷன் குடித்திருக்கிறான். திட்டம் தொடங்கிய வருடம் பாதிப் பாக்கெட்டுகள் டீக்கடைக்குப் போனதால், கார்டுப் பாலை இன்னொருவர் குடித்தால் கார்டு ரத்து என்று சட்டம் போட்டிருந்தோம். ஆனால் எண்கள் ஒத்துவரவில்லை என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். "எழுதினவரே போய்ப் பார்த்துட்டு வாங்க, மூணு நாள்" என்றார் எங்கள் இயக்குநர் பத்மஜா மேடம்.

நொய்யல் நகர் மாடிக் குடியிருப்பில் சி பிளாக், மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது தாரணிதான். முப்பது வயதிருக்கும். ஏழு மாத வயிறு. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறவர். துணியில் ஓட்டை தேடுகிற அதே பார்வையால் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"கார்டக் கேன்சல் பண்ண வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா சார்? அத மொதல்ல சொல்லிப்போடுங்க."

"விசாரிக்கத்தாம்மா."

"விசாரிச்சு முடிச்சுக் கேன்சல் பண்ணுவீங்க. செரி, உள்ள வாங்க."

மௌலீஸ்வரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாயப்பட்டறைத் தொழிலாளி. முகமும் கையும் ஒரு மாதிரி துருப்பிடித்த நிறத்தில் கறுத்திருந்தன. முதலில் எல்லோரும் சாயம் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தார்களாம். பிறகு விரல் மூட்டுகள் வலித்தன, சர்க்கரை வந்தது, மாடி ஏறினால் நெஞ்சு படபடத்தது. இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துக் கொட்டுகிறார்கள். அதிக இரும்பைக் குறைக்க அதுதான் வழக்கமான வழி.

"எங்க வீட்டுல ஒருத்தருக்கு ரத்தம் பத்தலீங்கறாங்க, இன்னொருத்தருக்கு உறிஞ்சிக் கீழ ஊத்தறாங்க" என்றார் தாரணி. "எங்களுக்கு ஒன்னும் புரியலீங்க சார். நீங்க படிச்சவங்க. உங்களுக்காச்சும் புரியுதுங்களா?"

எனக்கும் புரியவில்லை. விசாரணை அதிகாரி அப்படிச் சொல்லக்கூடாது என்பதால் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

முதல் பிரசவத்தில் தாரணிக்கு ரத்தம் நிற்கவில்லை. ஐந்து பாட்டில் ஏற்றி அவரைக் காப்பாற்றினார்கள். குழந்தை தங்கவில்லை. இரும்பு மாத்திரை போட்டால் வாந்தி. ஊசி போட்டபோது மூச்சு அடைத்து நாலு நாள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். கார்டுப் பால் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. ஆறில் கிடந்த எண் பதினொன்றுக்கு வந்திருந்தது.

"இன்னும் ரெண்டு மாசமுங்க. இப்பப் பால நிறுத்துனா மறுக்கா ஆறுக்குப் போயிருவேன். அப்பறம் அந்த டேபிள்ல இருந்து எந்திரிச்சு வருவனான்னு எனக்குத் தெரியாது" என்றார். குரல் உயரவில்லை. நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒரு நாளாவது அந்தப் பாலைக் குடிச்சிருக்கீங்களா?" என்று மௌலீஸ்வரனைக் கேட்டேன்.

"பால் வாசமே எனக்கு ஆவாதுங்க. சின்ன வயசுல இருந்தே வரக்காப்பிதான். இவள வேணா கேட்டுப் பாருங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு அவரே கேட்டார். "ஏனுங்க, உள்ள போன இரும்பு தானா வெளிய போவாதுங்களா?"

"போகாது. உடம்புக்கு இரும்பை உள்ள விடத் தெரியும், வெளிய அனுப்பத் தெரியாது. பெண்களுக்கு மாசாமாசம் கொஞ்சம் போகும். ஆம்பளைக்கு அந்த வழியும் இல்ல. அதனால உடம்பு வாசல்லயே ரொம்பக் கண்டிப்பா இருக்கும். குடல்ல ஒரு கதவு மாதிரின்னு வெச்சுக்குங்க. வேணுங்கிற அளவு சேர்ந்ததும் ஈரல் ஒரு தகவல் அனுப்பும், கதவு சாத்திக்கும். நாம சாப்பிடுற சோறு, கீரை, ராகி எல்லாத்துலயும் இரும்பு இருக்கு. அதுல பத்துல ஒரு பங்குகூட உள்ள போகாது."

"அப்பறம் பால்ல எதுக்குங்க கலந்தீங்க?" என்றார் தாரணி.

நியாயமான கேள்வி. பாலில் இரும்பைக் கலப்பதே ஒரு கிறுக்குத்தனம். துரு வாசனை வரும், கொழுப்பு கெட்டுப்போகும். அதையெல்லாம் தடுக்க இரும்புத் துகளுக்கு மேல் ஒரு பூச்சு பூசினோம். ஆனாலும் பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு நம் ஆட்கள் அதில் டீத்தூளைப் போடுவார்கள். டீ மிச்ச இரும்பையும் கட்டிப்போட்டுவிடும்.

"அதனால பால்ல ஒரு கிருமியும் சேர்த்தோம். நாங்க அதுக்குச் சாவின்னு பேர் வெச்சிருக்கோம். குடல்ல போய்க் கதவு சாத்தாமப் பாத்துக்கும். ஒரு நாள்தான். அடுத்த நாள் செத்துடும். அதான் தினமும் ஒரு பாக்கெட்."

"கிருமியா? பால்ல கிருமியப் போட்டா குடுத்தீங்க?"

"நல்ல கிருமிதாம்மா. பாக்கெட்ல எழுதியிருக்கு. நுண்ணுயிரித் துணைப்பொருள்னு."

தாரணி குப்பைக் கூடையிலிருந்து ஒரு காலிப் பாக்கெட்டை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினார். "எங்கீங்க சார்?" என்று நீட்டினார். நானும் தேடினேன். மடிப்புக்குள் இருந்தது.

அன்று முழுவதும் அந்த வீட்டைச் சோதித்தேன். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், இரும்பு வாணலி, அரிசி, ராகி மாவு, முருங்கைக் கீரை, சட்னி. மௌலீஸ்வரன் விரும்பிச் சாப்பிடுவது தயிர்ச் சோறு, மூன்று வேளையும் என்றார். தயிரையும் சோதித்தேன். அதில் இரும்பு இல்லவே இல்லை. எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய இரும்பு எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய அளவில்தான் இருந்தது. ஈரலில் மட்டும் ஒரு சுத்தியல் செய்கிற அளவுக்கு இருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இரண்டாம் நாள் நகக் கருவியை எடுத்துக்கொண்டு பிளாக் முழுக்க ஏறி இறங்கினேன். புரியாமை இரட்டிப்பானது.

இருபத்து நாலு வீடுகளில் பதினோரு வீட்டு ஆண்களுக்கு எண் இருபதைத் தாண்டியிருந்தது. அவர்களுக்கு இன்னும் உடம்பு காட்டவில்லை, அவ்வளவுதான். தரைத்தளத்தில் விழுப்புரத்திலிருந்து வந்து தங்கியிருந்த இரண்டு பிரம்மச்சாரிகள். அந்த வீட்டில் கார்டும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒருவனுக்கு இருபத்திரண்டு, மற்றவனுக்கு இருபத்தாறு. "மார்க் ஜாஸ்தின்னா நல்லதுதானே சார்?" என்று சந்தோஷமாகக் கேட்டார்கள்.

எதிர்வீட்டுச் சாந்தாமணி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. வயதைக் காரணம் காட்டி அவருக்குக் கார்டு மறுத்திருந்தோம். அப்போது எட்டு. இப்போது பன்னிரண்டு.

"என்னக்கா சாப்பிடுறீங்க?"

"பேரீச்சம்பழமுங்க. தெனம் நாலு. நீங்க கார்டு குடுக்கலீன்னா நாங்க செத்தா போயிருவோம்?" என்றார்.

பேரீச்சம்பழத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு தாளில் பிளாக்கின் படம் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் எண்ணை எழுதினேன். தாரணி வீட்டைச் சுற்றி எண்கள் பெரிதாக இருந்தன. தள்ளிப்போகப் போகக் குறைந்தன. மூன்றாவது மாடியிலிருந்து இரும்பு சுவர் வழியாகக் கசிந்து இறங்குவது போலிருந்தது அந்தப் படம். நான் விஞ்ஞானி. சுவர் வழியாக இரும்பு கசியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு தடவை சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

மேடத்துக்குப் போன் செய்து படத்தைச் சொன்னேன்.

"சிகாமணி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அந்த அம்மா பாலை வேற யாருக்காவது குடுத்தாங்களா இல்லையா?"

"தெரியல மேடம்."

"நாளைக்குச் சாயங்காலம் அறிக்கை வேணும். தெரியலன்னு ஒரு அறிக்கை கிடையாது."

மூன்றாம் நாள் காலை தாரணி என்னை அடுப்பங்கரைக்கே கூப்பிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நான் குடிக்கறத நீங்களே கண்ணால பாத்துப்போடுங்க. அப்பறம் எழுதறத எழுதிக்குங்க" என்றார்.

பாக்கெட்டின் மூலையை வெட்டிச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றினார். பொங்கப் பொங்க இரண்டு தடவை காய்ச்சினார். டம்ளரில் ஆற்றி என் முன்னாலேயே நின்றுகொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் பாலில் ஒரு வாய் யாருக்கும் போகவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தார். அதைச் செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அது அவ்வளவு பழகிப்போன காரியம். வெட்டிய பாக்கெட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூலையைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்கி, அந்த வெளுத்த தண்ணீரைப் பக்கத்தில் இருந்த பெரிய பாத்திரத்தில் ஊற்றினார். அதில் வீட்டுக்கு வாங்கிய சாதாரணப் பால் இருந்தது. அதை அடுப்பில் ஏற்றினார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்வார். பாக்கெட்டைக் கழுவாமல் தூக்கிப் போடுகிற வீடு உண்டா என்ன.

அப்போது வாசலில் சாந்தாமணி அக்கா குரல் கேட்டது. "தாரணி, உறை மோர் ஒரு கரண்டி குடு. எம்படது நேத்துப் புளிச்சுப் போச்சு." கையில் சின்னக் கிண்ணம்.

"எல்லாருக்கும் இவங்கதான் உறை மோர் குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இவ வீட்டுத் தயிரு கத்தியில வெட்டற மாதிரி இருக்குமுங்க. கீழ இருக்கற அந்தப் பசங்ககூட இங்கதான் வாங்கிட்டுப் போறாங்க. அவுங்ககிட்ட வாங்கி ரெண்டாவது மாடி. சுத்திச் சுத்தி எல்லாம் இவ வீட்டு உறைதானுங்க."

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் யாரும் பாலைக் காய்ச்சாமல் குடிக்க மாட்டார்கள். சாதாரணக் கிருமி கொதிநிலையில் செத்துப்போகும். அதனால் கொதித்தாலும் சாகாத ஓட்டுக்குள் சாவியை அடைத்தது நான். அதற்கு எனக்கு ஒரு விருதும் சால்வையும் கொடுத்தார்கள். டீயில் சோதித்தோம், காப்பியில் சோதித்தோம், பாயசத்தில்கூடச் சோதித்தோம். தயிரில் சோதிக்கவில்லை. புளித்துப்போன பால் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிட்டோம். எங்கள் குழுவில் பதினோரு பேர். பதினோரு பேர் வீட்டிலும் தயிர் கடையிலிருந்து மூடி ஒட்டிய டப்பாவில் வந்தது. பால் இரவெல்லாம் வெதுவெதுப்பாகக் கிடந்து தயிராவதை ஒருவரும் வருடக்கணக்கில் பார்த்ததில்லை.

தயிரில் இரும்பைத் தேடியது என் முட்டாள்தனம். தேடியிருக்க வேண்டியது சாவியை. உடனே தேடினேன். மதியம் முடிவு வந்தது. பாக்கெட் கழுவிய தண்ணீரோடு போன சாவி தயிரில் பல மடங்கு பெருகியிருந்தது. ஒரு கரண்டித் தயிரில் நாற்பது பாக்கெட் பாலில் இருக்க வேண்டிய சாவிகள் இருந்தன. மூன்று வேளையும் தயிர்ச் சோறு சாப்பிட்ட மனிதனின் குடல் கதவு இரண்டு வருடமாக மூடவே இல்லை. கீரையிலும் ராகியிலும் போர் தண்ணீரிலும் இருந்த இரும்பெல்லாம் தடையில்லாமல் உள்ளே போயிருக்கிறது. தாரணி, சளி பிடிக்கும் என்று, தயிர் பக்கமே போவதில்லை. அதனால் அவருக்கு மட்டும் பாக்கெட் அளவு.

இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மௌலீஸ்வரன் தன் கறுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "அப்ப நீ ஊத்துன உறைதானா அம்மிணி?" என்றார். கோபமில்லை, நம்ப முடியாத குரல்தான். தாரணி அதைக் கேட்டதும் உடைந்து அழுதார். அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினார்.

"பாக்கெட்டக் கழுவி ஊத்தக்கூடாதுன்னு எங்கீங்க சார் எழுதியிருந்துச்சு? அதுவும் மடிப்புக்குள்ளயா?"

மன்னிப்புக் கேட்டேன். அது அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க உண்மையை எழுதினா திட்டம் நாளைக்கே நிக்கும். நாலு லட்சம் பொண்ணுங்க சிகாமணி. எவ்வளவு பேர் பிரசவத்துக்கு நாள் பாத்துட்டு இருக்காங்களோ. புருஷன் குடிச்சான்னு எழுதினா ஒரே ஒரு கார்டு போகும். அந்த பிளாக்ல தயிரை மட்டும் சத்தமில்லாம அழிச்சிடலாம்."

"மத்த ஊர்லயும் பாக்கெட்டைக் கழுவுவாங்களே மேடம்."

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு" என்றார். எட்டு வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எப்படி எழுதினாலும் தாரணிக்குப் பால் கிடையாது. அது மட்டும் தெளிவாக இருந்தது. யார் பக்கம் நின்று யோசித்தாலும் இன்னொருவரின் முகம் முன்னால் வந்தது. மாலை ஐந்து மணிக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். தைரியத்தினால் அல்ல. புருஷன் குடித்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாளில் திட்டம் நின்றது. பிளாக்குக்கு நீல டிரம்களோடு ஆட்கள் வந்தார்கள். வீடு வீடாகத் தயிரும் மோரும் வெண்ணெயும் வாங்கி பிளீச்சிங் பவுடர் போட்டு அழித்தார்கள். பாத்திரங்களைக் குக்கரில் வைத்து விசில் விட்டுக் கொடுத்தார்கள். மேற்பார்வை நான். தாரணி தன் தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமலே போனார். அடுத்த ஓரிரு நாள் எந்தக் கதவும் உறை மோருக்காகத் தட்டப்படவில்லை என்று குடியிருப்புக் காவலாளி சொன்னான். ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே பயந்தார்களாம். நான் ரயிலேறினேன். ஜன்னல் வழியாக எதையும் பார்த்ததாக நினைவில்லை. மனசு முழுக்கத் தாரணி சொன்ன அந்த இரண்டு மாதம்தான்.

நாலு மாதம் கழித்து மறுபடியும் அனுப்பினார்கள். சி பிளாக்கில் கிருமி ஒழிந்துவிட்டது என்று சான்றளிக்க வேண்டும். ஒரு படிவம், அதில் இரண்டு கட்டம். ஆம், இல்லை. ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

மூன்றாவது மாடிக்கு நின்று நின்று ஏறினேன். கதவைத் தட்டுமுன் உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்டேன். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. குழந்தை சரி, தாய்?

திறந்தது தாரணி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"உள்ள வாங்க சார். பொம்பளப் புள்ள. ஒன்றரை மாசம் ஆச்சு" என்றார். பழைய கோபம் பாதிதான் மிச்சம் இருந்தது. "ரத்தம் நெறையத்தான் போச்சுங்க. டாக்டரம்மா நாலு பாட்டல் எடுத்து வெச்சிருந்தாங்க. ஒன்னோட நின்னுருச்சு. பிரசவத்தன்னைக்கு எனக்கு எண்ணு பன்னண்டு."

மௌலீஸ்வரன் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. முப்பத்தொன்பது இருபத்து நாலாகியிருந்தது. பிளாக்கில் மற்ற வீடுகளிலும் அளந்தேன். ஆண்களுக்கெல்லாம் இறங்கியிருந்தது. சாவி ஒழிந்தது என்று பொருள். ஆனால் பெண்களுக்கு இறங்கவில்லை. கார்டு இல்லாமல், பால் இல்லாமல், ஒருவருக்கும் இறங்கவில்லை. ஒழிந்ததா, ஒழியவில்லையா? மறுபடியும் தாளை எடுத்துப் படம் போட்டேன். இந்தத் தடவை படமும் உதவவில்லை.

"என்னம்மா நடக்குது இங்க?" என்று தாரணியிடமே கேட்டுவிட்டேன்.

அவர் வாசலில் வந்து நின்ற சாந்தாமணி அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"நீங்க தயிரெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டீங்க. அடுத்த நாளு உறை ஊத்தறதுக்கு ஒரு சொட்டு மோர் இல்லீங்க. உறை இல்லீனா என்ன பண்ணுவாங்க? காம்போட மோர் மிளகா ரெண்டு எடுத்து வெதுவெதுப்பான பால்ல போட்டா, காலையில தயிரு. நானும் போட்டேன். அந்த மிளகா மாசில இவ வீட்டு மோருல ஊற வெச்சுக் காயப் போட்டதுங்க. டிரம்முக்காரங்க மிளகாயக் கேக்கலியே."

வெயிலில் காய்ந்தாலும் சாகாது சாவி. அதுவும் என் கைங்கரியம்தான். மோர் மிளகாய் எனக்கு இந்தத் தடவையும் தோன்றவில்லை.

"மொதல்ல எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் தாரணி. "பால நிறுத்தியும் எனக்கு எறங்கல. பாலுக்குப் பதிலா, சளி புடிச்சாலும் பரவால்லீன்னு அக்கா குடுத்த தயிரத் தின்னுட்டு இருந்தேன். இவருக்கோ எறங்கறது நின்னு போச்சு. அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. செக்கிங்ல பத்து வருசம் இருந்திருக்கறேன் சார், எங்க பிசகுதுன்னு பாக்கத் தெரியும். ரெண்டு பாத்திரமாப் பிரிச்சோம். மண்சட்டி இரும்பு கொறஞ்சவங்களுக்கு. தூக்குப் பாத்திரத்துல இருக்கறது கடையில வாங்குன உறை, மத்தவங்களுக்கு. சுகாதார நிலையத்து நர்சம்மா ஒரு நகக் கருவி குடுத்து வெச்சிருக்காங்க. வெள்ளிக்கெழம எல்லாரும் வெரல வெக்கோணும். பதினாலு வந்தா சட்டியில இருந்து தூக்குக்கு மாறிக்கோணும்."

"நானு போன மாசமே தூக்குக்கு வந்துட்டனுங்க" என்றார் சாந்தாமணி அக்கா, பாஸான பிள்ளையின் பெருமையோடு.

நாங்கள் கதவைத் திறக்க மட்டும்தான் யோசித்தோம். எப்போது மூட வேண்டும் என்பதைச் சட்டத்திடம் விட்டிருந்தோம். இவர்கள் அதை இரண்டு பாத்திரத்தில் முடித்துவிட்டார்கள். ஆனாலும் இது தவறு. தவறிப்போய் ஒரு கரண்டி மாறினால் என்ன ஆகும்? மூன்று பேர் ஊருக்குப் போனால் மூன்று ஊர் ஆகும். நான் இதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் இந்த எண்களெல்லாம் மறுபடியும் ஆறுக்கும் ஏழுக்கும் போகும். படிவம் பையில் இருந்தது. எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"சாப்புட்டுப்போட்டு யோசிங்க சார்" என்றார் தாரணி.

சோறும் பருப்பும் ஆன பிறகு தயிர் வந்தது. மண்சட்டியும் தூக்கும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் ஒரே வெள்ளை. கண்டுபிடித்த எனக்கே பார்த்துச் சொல்லத் தெரியாது.

"எனக்குத் தூக்குத் தயிர்தானே?" என்றேன்.

"அத நீங்க சொல்லக்கூடாதுங்க, எண்ணுதான் சொல்லோணும்" என்று கருவியை எடுத்து நீட்டினார். "இடது கை."

ஆயிரக்கணக்கானவர்களின் விரலை அளந்திருக்கிறேன். என் விரலை வைத்தது அதுதான் முதல் தடவை. தாரணி பார்த்தார். புருவம் சுருங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொன்னார்.

"எட்டரை."

"கருவியில ஏதோ கோளாறு."

"ஒரு நாளைக்கு எத்தன டீங்க சார்?"

"ஏழு எட்டு."

"சாப்புட்ட கையோடவா?"

"ஆமா."

"மாடி ஏறினா மூச்சு வாங்குதுங்களா?"

வாங்கியது. வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாரணி மண்சட்டியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து என் சோற்றில் போட்டார். "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார்.

"மனைவி. பொண்ணு ஒருத்தி, காலேஜ் படிக்கிறா."

"அவங்க எண்ணு என்ன?"

அதுவும் எனக்குத் தெரியாது. நாலு லட்சம் பெண்களின் எண்கள் என் கணினியில் இருந்தன. இந்த இரண்டு எண்கள் இல்லை. என் மனைவி மாலையானால் கால் வலிக்கிறது என்பாள். ஓய்வெடு என்பேன்.

"மொதல்ல வெரலப் பாருங்க. பத்துக்குக் கீழன்னா மட்டும் போடுங்க. பதினாலு வந்தா நிறுத்திப்போடோணும்" என்று சொல்லிக்கொண்டே சாந்தாமணி அக்கா ஒரு தாளில் மோர் மிளகாயை எண்ணி மடித்தார்.

நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டேன். தயிர் நன்றாகத்தான் இருந்தது. பிறகு, அரை லிட்டர் பாலுக்கு எத்தனை மிளகாய் என்று கேட்டேன்.